யானையைப் பூனையாக்கும் லென்ஸ்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் முப்பத்தைந்து எடுக்கவே திணறியவன். இப்போது ஓசூரில் நல்ல வேலை. காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதுமே விஷயத்துக்கு வந்துவிட்டான். "டீச்சர், கேமரா வாங்கப் போறேன். எண்பதாயிரம் சேத்து வச்சிருக்கேன். நம்ம ஊரு மலை, கண்மாய் எல்லாம் எடுக்கணும். லேண்ட்ஸ்கேப்புக்கு வைடு லென்ஸ்தான் முதல்ல வாங்கணுமாமே?"

"யாருடா சொன்னது?"

"எல்லாருமே சொல்றாங்க டீச்சர்."

சொல்கிறார்கள்தான். கடைக்காரர் சொல்கிறார், கல்யாண வீட்டில் படம் எடுக்க வரும் தம்பி சொல்கிறார், கேமராவைப் பற்றிக் காணொளி போடுகிற அத்தனை பேரும் சொல்கிறார்கள். ஆளை எடுக்க ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ், பறவையை எடுக்க டெலி என்கிற நீள லென்ஸ், நிலக்காட்சிக்கு அகலமாகப் பிடிக்கிற வைடு. பெருக்கல் வாய்ப்பாடு மாதிரி. எனக்கும் ஒரு காலத்தில் இதையே சொன்னார்கள், நம்பிப் பணத்தை விட்டேன். மதுரையைச் சுற்றிக் கிடக்கும் இந்தப் பூமிக்கு அந்த வாய்ப்பாடு பொருந்தாது. புதிதாகக் கேமரா வாங்குகிறவர்களை அது முதல் அடியிலேயே தப்பான பக்கம் திருப்பிவிடுகிறது. அவனிடம் ஒன்றரை மணி நேரம் இதைத்தான் பேசினேன். அவனுக்குச் சொன்னது மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று எழுதுகிறேன்.

மேலூர்ப் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளியில் இருபத்தொன்பது வருஷம் பாடம் நடத்தியவள் நான். படித்தது புவியியல். ஓய்வு பெற்ற 2017-ஆம் வருஷம், பைக் வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பையனிடமிருந்து அவனுடைய கேனான் 1200டி கேமராவை வாங்கினேன். 2014-இல் வெளிவந்த மாடல், பதினெட்டு மெகாபிக்சல். கூடவே வந்த 18–55 கிட் லென்ஸ், தோள்பை, மெமரி கார்டு எல்லாம் சேர்த்துப் பதின்மூன்றாயிரம் ரூபாய். "இதுக்கு அரைப் பவுன் வாங்கியிருக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். இன்றைய தங்க விலையைப் பார்க்கும்போது அவர் சொன்னதை அப்படியே தள்ளிவிடவும் முடியவில்லை.

எதை முதலில் எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மதுரையிலிருந்து மேலூருக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள் எல்லோருக்கும் யானைமலையைத் தெரியும். மதுரையை அழிக்க அனுப்பப்பட்ட யானை கல்லாய்ச் சமைந்தது என்று திருவிளையாடல் கதை சொல்கிறது. நாகமலைக்கும் பசுமலைக்கும் அதே வகைக் கதைதான் உண்டு. கதையை நம்புகிறோமோ இல்லையோ, ஒத்தக்கடையை நெருங்கும்போது தலை தானாகத் திரும்பும். நாற்பது வருஷமாகத் திரும்பிய தலை என்னுடையது.

விடியற்காலையில் போய், வயல் வரப்பில் நின்று, இருபது படம் எடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக் கணினியில் போட்டுப் பார்த்தால் மலையைக் காணோம். இருந்தது, தேட வேண்டியிருந்தது. மேலே ஒரு முழம் வெள்ளை வானம், கீழே ஒரு முழம் வயல், நடுவில் அடிவானத்தில் யாரோ துடைக்க மறந்த அழுக்கு மாதிரி ஒரு கோடு. யானை படுத்திருந்த இடத்தில் பூனைகூட இல்லை, பூனை வால்தான் இருந்தது.

கிட் லென்ஸ் சரியில்லை என்று நினைத்தேன். புதிதாக வாங்குகிறவர்கள் எல்லோரும் நினைப்பதுதான் இது. கேமராக் கடை ஒன்றில் போய்க் கேட்டேன். ஊரும் பெயரும் வேண்டாம், அவர் மட்டுமா அப்படி? "நிலக்காட்சிதானேம்மா? வைடு எடுத்துக்குங்க" என்று 10–18 லென்ஸை எடுத்து வைத்தார். பதினேழாயிரம். கேமராவைவிட லென்ஸ் விலை கூட. மறுநாள் அதே வரப்பு, அதே மலை. இந்த முறை என் செருப்பு நுனி படத்தில் விழுந்தது, மலை முன்னைவிடச் சிறுத்துவிட்டது.

அன்று இரவு நான் செய்த வேலையை முதல் நாளே கடையில் நின்று செய்திருந்தால் பதினேழாயிரம் மிஞ்சியிருக்கும். எட்டாம் வகுப்புக் கணக்கு அது. நூறு மீட்டர் உயரமுள்ள ஒரு குன்று மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். ஒத்த முக்கோணங்கள். லென்ஸின் குவியத் தூரத்தைக் குன்றின் உயரத்தால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், கேமராவுக்குள் இருக்கும் சென்சார்மேல் குன்று எத்தனை மில்லிமீட்டர் உயரத்துக்கு விழும் என்பது வந்துவிடும். 18 லென்ஸில் 0.6 மில்லிமீட்டர். என் கேமராவின் சென்சார் ஏறக்குறைய பதினைந்து மில்லிமீட்டர் உயரம். ஆக, படத்தின் உயரத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் குன்று. பத்து லென்ஸில் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு. அதே இடத்தில் நின்று 250 லென்ஸில் எடுத்தால் எட்டு மில்லிமீட்டரைத் தாண்டும். படத்தில் பாதிக்கு மேல் குன்று நிற்கும்.

கண்ணுக்கு மட்டும் ஏன் பெரிதாகத் தெரிந்தது? கண் எல்லாவற்றையும் பார்ப்பதில்லை, வேண்டியதைப் பார்க்கிறது. மின்கம்பியை விட்டுவிடும், வெள்ளை வானத்தை விட்டுவிடும், மலையைப் பிடித்துக்கொள்ளும். வைடு லென்ஸ் எதையும் விடாது. பந்தியில் கூப்பிடாதவர்களையும் உட்கார வைத்துவிடும்.

இந்த வைடு வாய்ப்பாடு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறேன். அயல்நாட்டு நிலக்காட்சிப் படங்களை நினைத்துப் பாருங்கள். காலடியில் பூக்களோ பனிப்பாளமோ, அதற்குப் பின்னாலேயே மலை எழுந்து நிற்கும். மலை அவ்வளவு பெரியது, நிற்கிறவர் அவ்வளவு பக்கத்தில். அங்கே வைடு வேலை செய்யும். நம் பக்கம் நிலம் சமதளம். அதில் அங்கொன்று இங்கொன்றாய்த் தனிப் பாறைக் குன்றுகள். சுற்றி இருந்த மென்மையான பாறையும் மண்ணும் கோடிக்கணக்கான வருஷங்களில் அரித்துப் போக, கெட்டிப் பாறை மட்டும் எஞ்சி நிற்கிறது. எஞ்சுகுன்று என்று புவியியல் வகுப்பில் இதற்குப் பெயர் சொல்வோம். எஞ்சுகுன்றின் அழகே அது தனியாக நிற்பதுதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கிற லென்ஸால் தனியாக நிற்கும் ஒன்றை எப்படிக் காட்ட முடியும்?

அயல்நாட்டிலும்கூட இது வேதவாக்கு இல்லை. அமெரிக்காவின் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் நியூ மெக்சிகோவின் எர்னாண்டஸ் என்ற சிற்றூரின் மேல் நிலா எழுவதை எடுத்தார். நிலக்காட்சிப் படங்களில் அதைவிடப் பேர்பெற்றது அதிகமில்லை. அவர் கையாண்டது இருபத்து மூன்று அங்குல லென்ஸ், அவருடைய பெரிய கேமராவுக்கு இயல்பானது என்று சொல்லக்கூடிய அளவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு நீளம். வைடு அல்ல.

இனி ஓர் ஆட்டுக்காரரைப் பற்றிச் சொல்கிறேன். என் போட்டோ வகுப்பில் எனக்கு வாத்தியார் அவர்தான். பழைய 55–250 லென்ஸ் ஒன்றை ஆறாயிரத்துக்கு வாங்கிக்கொண்டு மறுபடி போயிருந்தேன். கேமராவோடு ஒரு பொம்பளை வரப்பில் நின்றால் நம் ஊரில் முதல் கேள்வி, "யூடியூபாம்மா?" இரண்டாவது, "ரோடு வருதாம்மா? சர்வேயா?" நாலுவழிச் சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்குக் கேமரா, கழி, சங்கிலி எல்லாம் ஒன்றுதான். ஆட்டுக்கிடை போட்டிருந்த அந்தக் கீதாரியும் இரண்டாவது கேள்வியைத்தான் கேட்டார். மலையைப் படம் எடுக்கிறேன் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சொன்னார்: "இங்கன நின்னா வெறும் பாறைதான் டீச்சர் தெரியும். அந்தா, அந்த முனைக்குப் போங்க. களத்து மேட்டுல நின்னு பாருங்க, அப்பத்தான் யானை."

"அவ்வளவு தூரம் போகணுமாண்ணே?"

"யானையைப் பக்கத்துல நின்னு யாரு பாப்பா?"

அவர் காட்டிய இடத்துக்கு நடக்க முக்கால் மணி நேரம் ஆனது. பக்கவாட்டில் நீண்ட சுவராய்க் கிடந்த பாறை, முனைக்கு நேரே வந்ததும் நீளம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கி, மத்தகமும் துதிக்கையுமாய்த் திரண்டு நின்றது. நல்ல தூரம். கிட் லென்ஸில் ஒன்றும் இல்லை. 200-இல் வைத்துப் பார்த்தேன். நாற்பது வருஷமாய்ப் பஸ்ஸில் பார்த்த யானை அன்றுதான் கேமராவுக்குள் வந்தது.

பிறகு ஒரு நாள் தெரிந்துகொண்டது: லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்தவர், 1858-இல் மதுரைக்கு வந்து யானைமலையை எடுத்திருக்கிறார். மெழுகு பூசிய பெரிய காகித நெகட்டிவ். அந்தப் படத்துக்கு அவர் வைத்த தலைப்பே "யானைப் பாறை, முனைத் தோற்றம்" என்ற பொருளில்தான் இருக்கிறது. கீதாரி சொன்ன அதே யோசனை, நூற்று அறுபது வருஷத்துக்கு முன்னால். டிரைப்புக்கும் வெள்ளை வானம் தொல்லை கொடுத்திருக்கிறது. பல நெகட்டிவ்களில் தன் கையாலேயே மேகம் வரைந்து சேர்த்தார். இன்று கணினியில் வானத்தை மாற்றி ஒட்டுகிறவர்களைத் திட்டும்போது எனக்கு இது ஞாபகம் வந்து கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். அவருடைய வேலைக்கு ஆகும் செலவு ஆடம்பரம் என்று மாகாண அரசு 1859-இல் நிறுத்திவிட்டது என்பதையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் அரசாங்கத்தின் பக்கம் நின்றார்.

நீள லென்ஸ் மலையைப் "பக்கத்தில் இழுத்து ஒட்டிவிடுகிறது, பொய் காட்டுகிறது" என்று சிலர் சொல்வார்கள். இது தவறு. வீட்டுக்கும் மலைக்கும் இடையிலான அளவு விகிதத்தைத் தீர்மானிப்பது லென்ஸ் அல்ல, நீங்கள் நிற்கிற இடம். மறுபடியும் கணக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள். நாலு மீட்டர் உயர ஓட்டு வீடு, அதற்கு மூன்று கிலோமீட்டர் பின்னால் நம் நூறு மீட்டர் குன்று. வீட்டுக்கு இருபது மீட்டர் முன்னால் நின்றால், வீடு குன்றைப்போல ஆறு மடங்கு உயரமாகத் தெரியும். எந்த லென்ஸைப் போட்டாலும் ஆறு மடங்குதான். முந்நூறு மீட்டர் பின்னால் போய் நில்லுங்கள். குன்று வீட்டைவிட இரண்டே கால் மடங்கு உயரமாகிவிடும். குன்று வளரவில்லை, தூரம் பெரிதாக மாறவும் இல்லை. வீடுதான் தன் உண்மையான அளவுக்கு இறங்கி வந்தது. முந்நூறு மீட்டர் தள்ளி நின்று வீட்டையும் குன்றையும் படம் நிறைய எடுக்க 250 வேண்டும். நீள லென்ஸின் உபயோகம் அவ்வளவுதான்: பின்னால் போய் நிற்க அனுமதி.

இதன் அருமை எனக்கு 2024 கடைசியில் தெரிந்தது. அரிட்டாபட்டி எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட இடம். அங்கே டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்ட செய்தி அந்த நவம்பரில் வந்தபோது மேலூர் வட்டாரமே எழுந்தது. 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த இரண்டு மாதத்தில், தட்டியில் போடப் படம் வேண்டும் என்று என்னிடம் படித்த பையன்கள் வந்தார்கள். தங்கள் மொபைலில் இருந்தவற்றைக் காட்டினார்கள். எல்லாம் மலை உச்சியில் நின்று எடுத்தவை, அல்லது மலையடியில் நின்று எடுத்தவை. முதல் வகையில் ஊர் எறும்பு. இரண்டாவதில் மலை வெறும் பாறைச் சுவர். ஊரும் மலையும் ஒன்றோடொன்று எப்படி இருக்கின்றன, இந்தக் கூரைக்கு மேலே அந்தப் பாறை எப்படிக் கவிந்திருக்கிறது, அந்தப் பாறையிலிருந்து வழியும் தண்ணீர் எந்தக் கண்மாய்க்கு வருகிறது என்பது ஒரு படத்திலும் இல்லை. வெகு தள்ளி, எதிர்க் கண்மாய்க் கரையில் நின்று எடுத்த என் படம் ஒன்றில் அது மூன்றும் இருந்தது. கலையாக அது சுமாரான படம்தான். எடுத்துப் போனார்கள்.

இப்போது என் ஓசூர் மாணவனின் எண்பதாயிரத்துக்கு வருவோம். மொபைல் இருக்கும்போது கேமரா எதற்கு என்று பலர் கேட்கிறார்கள், நியாயமான கேள்வி. மொபைலின் முதன்மை லென்ஸே ஒரு வைடு லென்ஸ்தான். இப்போது வருகிற பலவற்றில் அதைவிட வைடாக இன்னொன்றும் இருக்கிறது. விலை குறைந்த மொபைல்களில் ஜூம் என்பது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெரிதாக்குவது. ஆக, பையில் ஏற்கெனவே வைடு இருக்கிற ஒருவர், கேமரா வாங்கி அதில் இன்னொரு வைடு லென்ஸைப் போட்டால், இருப்பதையே இரண்டாம் முறை விலை கொடுத்து வாங்குகிறார். மொபைலால் முடியாததற்குத்தான் கேமரா. மலை விஷயத்தில் அது தூரம்.

"புதுசா மிரர்லெஸ் வாங்கவா, பழசா டிஎஸ்எல்ஆர் வாங்கவா?" என்றான். புது மிரர்லெஸ் நல்ல பொருள். கண்ணைத் தேடிப் பிடித்து ஃபோகஸ் செய்யும், வீடியோ நன்றாக வரும், எடை குறைவு. ஓடுகிற குழந்தையை எடுக்க வேண்டும் என்றால் அதையே வாங்கச் சொல்வேன். ஆனால் மலை ஓடாது. நூறு ஐஎஸ்ஓவில், எட்டு அபெர்ச்சரில், ஆடாமல் வைத்து எடுத்தால் 2014 கேமராவுக்கும் இன்றைய தொடக்கநிலைக் கேமராவுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரடி அகலப் பிரிண்டில் கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. மா. கிருஷ்ணன் என்ற பெரிய மனிதர் நம் சென்னையில் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், நாற்பத்தாறு வருஷம் விடாமல் ஒரே பத்திரிகைக்கு இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர். பல கேமராக்களின் பாகங்களை ஒட்டுப்போட்டுத் தானே செய்துகொண்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று கேலியாகப் பெயர் வைத்து, அதை வைத்துத்தான் காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவர் படங்களைப் பார்த்துவிட்டு மெகாபிக்சல் பற்றிப் பேச எனக்கு வாய் வராது.

பழைய கேமராவுக்கு இப்போது நல்ல காலம், அதாவது வாங்குகிறவர்களுக்கு. எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறுவதால் 1200டி, 1300டி, நிக்கான் டி3300 மாதிரியானவை மலிவாகக் கிடைக்கின்றன. ஆனால் பார்த்து வாங்க வேண்டும். கல்யாண வேலைக்குப் போன பாடி, வாடகைக் கார் மாதிரி. வெளியே பளபளப்பாக இருக்கும், ஷட்டர் லட்சக்கணக்கில் ஓடியிருக்கும். வீட்டில் சும்மா கிடந்ததை வாங்குங்கள். உங்கள் மெமரி கார்டைக் கையோடு கொண்டுபோய், நீல வானத்தைப் பார்த்து ஒரு படம் எடுத்து, கரும்புள்ளி இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். லென்ஸைக் கழற்றி, பின்னால் டார்ச் அடித்து, முன்னால் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் அது பங்கஸ். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், எவ்வளவு விலை குறைத்தாலும். நிக்கான் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: டி3000 வரிசை பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை மலிவு என்று வாங்கினால் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும்.

பங்கஸ் பற்றி நான் பேசுவது பட்ட அறிவு. ஒரு ஐப்பசி மாதம் முழுக்க 18–55 லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு, பட்டுப் புடவைகளுக்கு நடுவில் பத்திரமாக வைத்திருந்தேன். மார்கழியில் எடுத்தால் கண்ணாடிக்குள் பூ விட்டிருந்தது. சுத்தம் செய்யக் கொடுத்த காசில் இரண்டு காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் வாங்கியிருக்கலாம். இப்போது எல்லாம் டப்பாவில்தான் இருக்கின்றன. வாரம் ஒரு நாள் எடுத்து வெளிச்சத்தில் வைத்துக் கையாண்டாலே பாதித் தொல்லை தீரும்.

பழைய பாடி, கிட் லென்ஸ், பழைய 55–250. முப்பதாயிரத்துக்குள் அடக்கிவிடலாம். மீதி ஐம்பதாயிரத்தைப் பெட்ரோலுக்கும் பஸ்ஸுக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னேன். அவன் முகம் கொஞ்சம் வாடியது. புதுப் பெட்டியைப் பிரிக்கிற வாசனைக்கு ஆசைப்பட்டிருப்பான் போல.

டெலி லென்ஸோடு வரும் இரண்டு தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, கை ஆட்டம். 250-இல் கையில் பிடித்து எடுத்தால் நானூறில் ஒரு நொடிக்கு மேல் ஷட்டரைத் திறந்து வைக்காதீர்கள். லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருந்தால் கொஞ்சம் சலுகை உண்டு. நான் ட்ரைபாட் தூக்குவதில்லை, இடுப்பு வலி. மஞ்சப்பையில் புளியங்கொட்டையை நிரப்பி வாயைத் தைத்து வைத்திருக்கிறேன். மைல்கல்லின் மேலோ கண்மாய் மடைச் சுவரின் மேலோ அதை வைத்து, லென்ஸை அழுத்தி உட்கார வைத்தால் அசையாது. செலவு ஒன்றும் இல்லை, புளி நாங்கள் எப்படியும் வாங்குகிறோம்.

இரண்டாவது தொல்லை கானல். வெயில் ஏறியபின் மூன்று கிலோமீட்டர் காற்றுக்கு ஊடாக எடுத்தால், எந்த விலை லென்ஸாக இருந்தாலும் மலை தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளியும். இதைத் தெரியாமல் லென்ஸ் மங்கல் என்று திருப்பிக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். சித்திரையில் எட்டு மணிக்கே கடையைச் சாத்திவிட வேண்டியதுதான். நம் முன்னோர் முதற்பொருள் என்று நிலத்தை மட்டும் சொல்லாமல் பொழுதையும் சேர்த்துச் சொன்னது எதற்காக என்று மதிய வெயிலில் டெலி லென்ஸோடு நின்று பார்த்தால் விளங்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மறுநாள் காலைதான் எனக்குப் பண்டிகை. தூசு எல்லாம் இறங்கிவிட்டிருக்கும், அழகர்மலையின் மடிப்புகள் ஒவ்வொன்றாக எண்ணலாம். நெகிழ்ச்சியில் நான் இரண்டு முறை லென்ஸ் மூடியைக் கண்மாய்க்குள் விட்டிருக்கிறேன்.

சூரியனுக்குப் பக்கவாட்டில் எடுக்கும்போது போலரைசர் பில்டர் ஒன்று வானத்தை நீலமாக்கும். கேனான் 18–55, 55–250 இரண்டுக்கும் 58 மில்லிமீட்டர் வளையம்தான், ஒரே பில்டர் போதும். இதைத் தவிர வேறு எந்தப் பில்டரையும் வாங்காதீர்கள்.

வைடு லென்ஸுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்லவில்லை. கோவில் மண்டபத்துக்குள், தூணுக்கும் தூணுக்கும் நடுவில் பின்னால் போக இடம் இல்லாதபோது அது வேண்டும். சமணர் படுக்கைக் குகைக்குள் வேண்டும். கொடைக்கானல் சோலைக் காட்டில், கன்னியாகுமரியில் அலை காலை நனைக்கிற பாறையில், அங்கெல்லாம் முன்னால் இருப்பதுதான் விஷயம். அதற்குக்கூட முதல் இரண்டு வருஷத்துக்குக் கிட் லென்ஸின் 18 போதும். எட்டு அபெர்ச்சரில் இரண்டு மீட்டர் தூரத்தில் ஃபோகஸை வைத்தால், ஒரு மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக விழும். இதற்குமேல் என்ன வேண்டும்?

ஆகவே கேமராக் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலையை எடுக்கணும் என்று யாராவது வந்து கேட்டால், எந்த மலை என்று ஒரு வார்த்தை திருப்பிக் கேளுங்கள். எவ்வளவு தூரத்தில் இருந்து என்று கேளுங்கள். கடை மொட்டை மாடிக்கு இரண்டு லென்ஸையும் எடுத்துக்கொண்டு போய் ஒரு தடவை பார்க்கச் சொன்னால் இன்னும் நல்லது. மதுரையில் பல மாடிகளில் இருந்து ஏதாவது ஒரு மலை தெரியும்.

என் 10–18 இன்னும் பீரோவில், டப்பாவுக்குள் இருக்கிறது. பங்கஸ் இல்லை, கீறல் இல்லை, மொத்தம் நாற்பது படம்கூட எடுத்திருக்க மாட்டேன். மண்டபம் எடுக்கிறவர்கள், வீடு எடுக்கிறவர்கள் யாராவது கேட்டால் பாதி விலைக்குத் தருகிறேன். மலை எடுக்க என்று கேட்டு வந்தால் தர மாட்டேன்.